சந்தனம் பட்ட கேசட்

போன வாரம் ஆலைக்கு வந்திருந்தபோது என்னை உங்கள் கணினி அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். திரையில் ஒரு பச்சைக் குறியைக் காட்டி, "மேடம், உங்க காலம் மாதிரி இல்ல. இப்ப பேக்கப் எல்லாம் தானாவே ஆயிடும். இந்தப் பச்சை வந்துச்சுன்னா முடிஞ்சுது" என்றீர்கள். "அந்த பேக்கப்பை எப்பவாவது திறந்து படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. அதே சிரிப்பை நானும் ஒரு காலத்தில் சிரித்து, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் எழுதுகிறேன். வேலை நேரத்திலேயே படிக்கலாம், உங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

இந்த ஆலையில் சேருவதற்கு முன்னால், எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் ஒரு கிணற்றுத் தண்ணீர் ஆய்வில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தேன். பந்தல்குடியில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களையெடுத்த வீட்டிலிருந்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்த ஒரே தகுதியோடு வந்தவள். வேலை என்னவென்றால், திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஊர்களுக்குப் போய், கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் எடுத்து, ஒரு மீட்டரை முக்கி, எவ்வளவு உப்பு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவது. வருடத்துக்கு நான்கு முறை, அதே கிணறுகள். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிணறு இளநீராக இருக்கும், கூப்பிடு தூரத்தில் இன்னொரு கிணறு வாயில் வைக்க விளங்காது.

குறித்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் என்றதும் உங்கள் மேசையில் இருப்பதை நினைக்காதீர்கள். கீபோர்டு ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு ஒயர், ஒயரின் முனையில் கருப்பு வெள்ளை டிவி. மின்சாரத்தை நிறுத்தினால் டைப் அடித்தது அத்தனையும் போய்விடும். அதனால் இன்னொரு ஒயரைச் சாதாரண டேப் ரிக்கார்டரில் மாட்டி, பாட்டுப் பதியும் அதே கேசட்டில் பதிந்து வைப்போம். போட்டுக் கேட்டால் எண்கள் எல்லாம் 'கீ' என்று ஒரே இரைச்சலாக இருக்கும். மறுபடி வேண்டுமென்றால் கேசட்டை ஓடவிட்டு, அந்த இரைச்சலைக் கம்ப்யூட்டர் கேட்டு எண்ணாக்கித் தரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் பொறுப்பாளரை நான் சார் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். ஒன்று, ஊர் ஊராகத் தனித்தனியே பதிய வேண்டும், மொத்தமாகக் கொட்டக் கூடாது. இரண்டு, பதிந்து முடித்ததும் கேசட்டைப் பின்னால் ஓட்டி, கம்ப்யூட்டரைப் படிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் அட்டையில் 'முடிந்தது' என்று எழுத வேண்டும். எனக்கு இரண்டாவது விதி வேப்பங்காயாகக் கசந்தது. பதிய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் படிக்கவும் ஆகும். மனுஷிக்கு வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே செய்வேன்.

மூன்றாவது வருடம் சரஸ்வதி பூஜையன்று காலையில், மூன்று வருடத்து எண்களையும் சேர்த்துப் பதிந்த கேசட்டில் கடைசி ஊரை ஏற்றிக்கொண்டிருந்தேன். திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி சாலையில் இருக்கும் ஒரு காலனி அது. பதிந்து முடிக்கவும், பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று சார் கூப்பிடவும் சரியாக இருந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டாமல், நின்ற இடத்திலேயே வெளியே எடுத்தேன். நோட்டுகள், மீட்டர், கேசட்டுகள் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி நானே என் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பக்தியில் குறை வைக்கவில்லை, சந்தனத்தை வழித்து வழித்து வைத்தேன்.

"கடைசிக் கேசட்டப் படிச்சுப் பாத்துட்டியாம்மா?" என்று சார் கேட்டார்.

"சாமிக்கு வச்சத இன்னைக்குப் படிக்கக் கூடாதுல்ல சார்?" என்றேன். புத்தகத்துக்கு உண்டான விதி கேசட்டுக்கும் பொருந்தும் என்று என் வாய்க்கொழுப்பு. அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். மறுநாள் விஜயதசமி. புத்தகத்தைப் பிரித்து இரண்டு வரி படித்தோம். கேசட்டை யாரும் படிக்கவில்லை. நான் அட்டையில் அழகான கையெழுத்தில் 'முடிந்தது' என்று எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். நோட்டுகள் எல்லாம் பார்சலில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன.

அடுத்த மே மாதம் அந்தக் காலனியிலிருந்து ஆள் வந்து சொன்னார், ஆழ்துளை தோண்டும் போர் வண்டி வந்து நிற்கிறது, குடிதண்ணீருக்கு அடிகுழாய் போடப்போகிறார்கள் என்று. சார் மதுரைக்குப் போயிருந்தார். நான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். போய்ப் பார்த்தால் சாலையோரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வண்டியைத் திருப்ப வசதியான இடம். அதன் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கடலாக உப்புக் கரிக்கும்.

வட்டத்துக்குப் பக்கத்தில் இருளாயி அக்கா காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடமாக எனக்காகக் கிணற்றில் கயிறு விட்டு வாளி இழுத்துக் கொடுத்தவள் அவள்தான். நல்ல தண்ணீருக்கு அவள் மகள் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை இரண்டு மைல் போய்வந்தாள். அந்தப் பெண் அப்போது ஒன்பதாவது முடித்திருந்தாள்.

"ஏத்தா, இந்தத் தடவ நல்ல தண்ணி வரலைன்னா பிள்ள படிப்புக்கு முழுக்குப் போட்டுர வேண்டியதுதான். எனக்கு இடுப்பு போச்சு, என்னால நடக்க ஏலல" என்றாள். பிறகு போர் போட வந்திருந்த இன்ஜினியரைக் கை காட்டினாள். "அவுககிட்டச் சொல்லு. நீதான எழுதிக்கிட்டுப் போன."

இன்ஜினியர் கெட்ட மனிதர் இல்லை. நடந்து களைத்த மனிதர். "ஏம்மா, ஆளுக்கொரு இடத்தைக் காட்டுறாங்க. அவங்கவங்க வீட்டு வாசல்ல வேணும்ங்கிறாங்க. பாதிப் பேரு கண்மாய்க் கரைங்கிறான். எனக்கு ஒரு போருக்குத்தான் அனுமதி. எங்க நல்ல தண்ணின்னு உங்க ஆய்வுல எழுத்தா இருந்தா கொண்டாங்க, அங்கேயே போடுறேன். மூணு மணிக்கு ஆரம்பிச்சுருவேன். சாயங்காலம் வண்டி வேற ஊருக்குப் போகணும்" என்றார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார். ரெண்டு மணிக்குள்ள கொண்டு வாரேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் எனக்கு வழி விட்டது. அந்தப் பெருமை அருப்புக்கோட்டை வரைக்கும்தான் தாங்கியது.

அலுவலகத்தைத் திறந்து கேசட்டைப் போட்டேன். மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஊரின் பெயர் டிவியில் வந்தது. காத்திருந்தேன். முடியப் போகும் நேரத்தில் 'தவறு' என்று ஒரே ஒரு வரி வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அப்படித்தான், ஒரு துளி பிசகினாலும் மொத்த ஊரையும் தூக்கி எறிந்துவிடும். மறுபடி போட்டேன், அதே இடத்தில் அதே வரி. கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். டேப் வெளியே தெரியும் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. உதிர்ந்த பொடி உள்ளேயும் போயிருந்தது. பூஜையன்று நான் நிறுத்திய இடம் அந்தக் காலனியின் கடைசிப் பகுதி. பின்னால் ஓட்டியிருந்தால் தொடக்கத்தில் ஒன்றும் பதியாத வெறும் நாடாவில் பட்டிருக்கும். படித்துப் பார்த்திருந்தால், நோட்டுகள் கையில் இருந்தபோதே மறுபடி பதிந்திருக்கலாம். யாரையும் குறை சொல்ல வழியில்லாத தப்பு அது, என் விரல் அடையாளமே அந்தச் சந்தனத்தில் இருந்தது.

மேசையில் ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். எனக்கு அந்தக் காலனிக் கிணறுகள் மனப்பாடம் என்று நினைப்பு. கண்மாய்க் கரைக் கிணறுதான் நல்ல தண்ணீர், நானே எத்தனை முறை குடித்திருக்கிறேன். பேனாவை எடுத்து 'கண்மாய்க் கரைக் கிணறு' என்று எழுதி, பக்கத்தில் ஞாபகத்தில் வந்த எண்களையும் போட்டேன். முத்திரை வைத்தால் தீர்ந்தது. என்னைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. இன்ஜினியர் நம்புவார், பாதி ஊரும் அதைத்தான் சொல்கிறது.

முத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான் யோசித்தேன். இது மீட்டர் சொன்னதா, என் நாக்கு சொல்வதா? இருளாயி அக்கா நான் எழுதியதைக் காலம் பூராவும் குடிக்கப் போகிறாள். முத்திரையைக் குத்தாமல் கீழே போட்டுவிட்டு கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாளை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் தெரு முனையில் தங்கமாரி அண்ணன் பாட்டுப் பதியும் கடை வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டையும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் பதிந்து தருவார். அப்போது எல்லா ஊரிலும் அப்படி ஒரு கடை உண்டு. கேசட்டைப் பார்த்ததுமே, "என்ன தங்கச்சி, கேசட்டுக்குக் காது குத்தா?" என்றார். சொன்னேன். கேலியை நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஐந்து திருகாணியையும் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார். ஒரு விரல் அகலத்துக்கு நாடாவில் சந்தனம் அப்பியிருந்தது.

"இது ஒரு வேலையே இல்ல. இந்த விரக்கடையை வெட்டிட்டு ரெண்டு முனையையும் ஒட்டிருவேன். பாட்டுல ஒரு தபேலா அடி போகும், ஒரு பயலுக்கும் தெரியாது" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீகண்ணே" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். "பாட்டுல ஒரு அடி போனா பாட்டு இருக்கும். இதுல ஒரு அடி போனா ஊரே போயிரும்."

அவருக்குச் சுருக்கென்றது. தொழில் தெரிந்த மனிதரிடம் அப்படிச் சொல்ல எனக்கும் தயக்கம்தான். ஆனால் அவருடைய தொழில் வேறு, என்னுடையது வேறு என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெளிவாகப் புரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். டேப் ரிக்கார்டரைத் துடைக்க அவர் எப்போதும் பயன்படுத்துவது. நாடாவில் பதிவைத் தாங்கும் பூச்சும் சேர்ந்து வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"சந்தனத்தத் தண்ணியிலதான குழைச்சோம். தண்ணிக்கே விட்டுக் குடுக்கும்ணே. மொதல்ல அதப் பாப்போம்" என்றேன்.

பஞ்சை நனைத்து, பிழிந்து, நாடாவின் மேல் வைத்து, சந்தனம் ஊறும் வரை காத்திருந்து ஒற்றி எடுத்தார். தேய்க்கவே இல்லை. அந்தக் கை அவ்வளவு மெதுவாகப் போகும் என்று நான் நினைத்ததில்லை. மூன்றாவது பஞ்சில் மஞ்சள் வரவில்லை. காய வைத்து, வேறு ஒரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிப் பூட்டினார். நான் உடனே அலுவலகத்துக்கு ஓடவில்லை. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தும், "மொதல்ல ஒரு காப்பி எடுங்கண்ணே" என்றேன். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும் இரட்டை டெக் அவரிடம் இருந்தது. காப்பி ஓடி முடியும் வரை காத்திருந்தேன். கையில் இரண்டாவது ஒன்று இருந்தால்தான் முதலாவதைத் தைரியமாகத் தொட முடியும்.

கடையைப் பூட்டிக்கொண்டு அவரும் அலுவலகத்துக்குக் கூடவே வந்தார். போட்டோம். கடைசியில் மறுபடியும் 'தவறு'. தங்கமாரி அண்ணன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேசட்டை ஓட்டி வெறும் காதால் அந்த இரைச்சலைக் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

"சத்தம் இருக்கு தங்கச்சி. அந்த எடத்துல மட்டும் அமுங்குது. ரிக்கார்டர்ல ஓடுற நம்பரப் பாரு, இருநூத்திப் பதினாலு. பூச்சு கொஞ்சம் தேஞ்சிருக்கு. மொத்தமா சத்தத்தக் கூட்டுனா மத்த எடம் பிளிறிரும். அங்கன மட்டும் கூட்டி எறக்கணும். கல்யாண வீட்டுல மைக்குக்காரன் பண்றதுதான்."

ஒயரை மாட்டினால் சத்தம் வெளியே வராது. ரிக்கார்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துத்தான் சத்தக் குமிழைத் திருக வேண்டும். நான் டிவிக்கு முன்னால், அவர் குமிழில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு. இருநூற்றுப் பத்து. பன்னிரண்டு. பதினாலில் அவர் விரல் ஒரு மயிரிழை திரும்பியது. பதினைந்தில் இறங்கியது. டிவி சும்மா இருந்தது. நான் கண்ணை மூடவில்லை, மூடத் தோன்றவுமில்லை. கேசட் நின்றது, திரையில் கிணறுகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக வந்து நின்றன.

"வந்துருச்சாத்தா?" என்றார். திரையைக் கை காட்டினேன்.

நான் முதலில் தேடியது கண்மாய்க் கரைக் கிணற்றை. கார்த்திகையில் நல்ல தண்ணீர், தை மாதமும் நல்ல தண்ணீர். மே மாதத்துக்கு வந்தால் உப்பு மூன்று மடங்கு ஏறியிருந்தது. மூன்று வருடமும் அப்படியே. கண்மாய் நிறைந்திருக்கும்போது குடித்த ருசியைத்தான் என் நாக்கு ஞாபகம் வைத்திருக்கிறது. மேற்கே பனங்காட்டில் பாதி இடிந்த ஒரு கிணறு உண்டு, வாளி விட்டால் அரை வாளிதான் தேறும், ஆடு மட்டும் தண்ணீர் குடிக்கும். அதில்தான் மூன்று கோடையிலும் எண் ஏறவே இல்லை. பையிலிருந்த தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை மட்டும் குத்தியிருந்தால் என் கையாலேயே அந்த ஊருக்கு உப்புத் தண்ணீரை ஊற்றியிருப்பேன்.

திரையைப் பார்த்து எல்லா எண்ணையும் தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் தங்கமாரி அண்ணனைத் தாளைப் படிக்கச் சொல்லி, நான் திரையோடு ஒத்துப் பார்த்தேன். பிறகுதான் முத்திரை.

இரண்டே முக்காலுக்குக் காலனியில் இறங்கினேன். போர் வண்டிக்காரர்கள் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். இன்ஜினியர் தாளை இரண்டு முறை படித்தார். "பனங்காடா? அதை ஒருத்தனும் சொல்லலையே" என்றார்.

"என் ஆடு சொல்லிச்சு சாமி" என்றாள் இருளாயி அக்கா. "இங்கன கட்டுனா அத்துக்கிட்டு அங்கனதான் ஓடும். ஆடு சொன்னத எந்த ஆபீசுல கேப்பாக?"

இன்ஜினியர் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். கண்மாய்க் கரைக் கட்சிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நான் தாளில் இருந்த மே மாதத்து எண்களைச் சத்தமாகப் படித்தேன். சாலையோரத்து வட்டத்தை ஆடுகள் மிதித்து அழித்துவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்துவிட்டேன். கேசட் போய், ஃப்ளாப்பித் தட்டு வந்து, ஹார்டு டிஸ்க் டப்பா வந்து, இப்போது எங்கே இருக்கிறது என்றே தெரியாத இடத்தில் வைக்கிறீர்கள். நான் இருந்தவரை இந்த ஆலையில் ஒரு நாள் பதிவுகூடத் தொலைந்ததில்லை. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. அதற்குக் காரணம் என் புத்தி இல்லை, அந்தச் சந்தனம். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பது நம் நினைப்பு. திரும்ப வருகிறதா என்பதுதான் விஷயம். தேவைப்படும் நாளில் முதல்முறையாகத் திறந்து பார்க்காதீர்கள், அன்றைக்கு யாராவது ஒருவர் காலிக் குடத்தோடு காத்துக்கொண்டிருப்பார். பச்சைக் குறியை நம்புங்கள், நம்பிவிட்டு ஒருமுறை திறந்தும் படியுங்கள். நாளைக்கே படியுங்கள், நாள் கிழமை பார்க்க வேண்டாம்.

அன்றைக்கு ஐந்து மணிவாக்கில் பனங்காட்டில் முதலில் சேறு வந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். நான் மீட்டரை எடுப்பதற்குள் இருளாயி அக்கா கையில் ஏந்திக் குடித்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ பிள்ள, பள்ளிக்கூடம் தொறந்ததும் போயிரு" என்றாள். அந்தப் பெண் மறு வருடம் பத்தாவது எழுதித் தேறினாள். ஊரில் வெடி போட்டார்கள்.

நான் மீட்டரை முக்கி, எண்ணை நோட்டில் எழுதி, நோட்டை மூடப் போனேன். இருளாயி அக்கா ஈரக் கையால் தடுத்தாள். காலையில் நடந்ததை எல்லாம் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன், சந்தனம் உட்பட.

"மூடாத தாயி. எழுதுனதப் படி, கேப்போம்" என்றாள்.

படித்தேன்.